நான்காம் கட்டத்துக் குருசாமி

ஆவுடைச்செல்விக்கு அரசாங்க உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்டால், மூச்சு விடுவது. கேலியில்லை, நியமன உத்தரவிலேயே அப்படித்தான் போட்டிருந்தது: ‘வசிப்பு மூச்சாளர், இரண்டாம் நிலை’. அவள் கணவன் பிரம்மநாயகம் முதல் நிலை. அவளைவிட அவன் என்னத்தைப் பெரிதாக மூச்சு விட்டுக் கிழித்தான் என்று யாருக்கும் தெரியாது. குறட்டை விடுவான், அதற்காகக் கூட இருக்கலாம்.

அர்ஸாந்தா என்ற அந்த நாட்டை நீங்கள் படத்தில் பார்க்க வேண்டும். உலகப் படத்தில் மேல் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பந்தியில் இரண்டு இலை போட்டு உட்கார்ந்தவன் மாதிரி கிடக்கும். ஆனால் உள்ளே ஆள் கிடையாது. புல், காற்று, பனி, அப்புறம் மறுபடியும் புல். இருந்த சனமும் பிள்ளை பெறுவதை ஏதோ கெட்ட பழக்கம் போல விட்டுவிட்டது. மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் தலைநகரில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கியடித்துக்கொண்டு, ‘எங்கள் எல்லையற்ற தாயகம்’ என்று பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் கடல் ஏறியது. ஊர் ஊராக முழுகியது. வீடிழந்த சனம் கோடிக்கணக்கில் மேட்டு நிலத்தில் வந்து குவிந்தது. உலக நாடுகள் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டன. மனிதர் வசிக்காத நிலத்தை எந்த நாடும் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது, அதை வீடிழந்தவர்களுக்குப் பங்கு வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நியாயமான பேச்சுதான், யார் இல்லையென்றார்கள்? எங்கே ஆள் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பதற்கு வானத்தில் ஒரு கண்ணை ஏற்றிவிட்டார்கள். அது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தூங்குகிற மூச்சு ஒன்றாவது இருக்கிறதா என்று இரவில் பார்க்கும். ஒருவர் எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் வசிக்கிறார் என்பது சட்டம். மூச்சு இருந்தால் கட்டம் நாட்டுக்குச் சொந்தம், இல்லையென்றால் பறிபோகும்.

அர்ஸாந்தாக்காரர்கள் இலேசுப்பட்டவர்களா? வீடிழந்தவர்களில் கொஞ்சம் பேரைப் பொறுக்கியெடுத்துச் சம்பளம் பேசி, கட்டத்துக்கு ஒருவராக உட்காரவைத்து மூச்சு விடச் சொன்னார்கள். வீடிழந்தவர்களுக்குப் போகவேண்டிய நிலத்தை, வீடிழந்தவர்களை வைத்தே காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் வேறு நடந்தது.

கட்டத்துக்கு ஒருவர்தான். இரண்டு பேர் படுத்தால் ஒரு மூச்சு வீண். வீண் மூச்சுக்குச் சட்டத்தில் ‘நெரிசல்’ என்று பெயர். பொழுது முழுக்க நடந்தாலும் ஒரு மனிதத் தலை தட்டுப்படாத பூமியில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டத்தில் படுத்தால் நெரிசல் குற்றம். விருந்தாளி வந்தால் மட்டும் வருஷத்துக்கு ஒரு மாதம் சலுகை.

மற்ற தேசத்துக்காரர்கள் சொன்னபடி கேட்டு, அவரவர் கட்டத்தின் நடுமையத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, ஆறே மாதத்தில் சுவரோடு பேச ஆரம்பித்தார்கள். நம்மாட்கள் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாலு கட்டம் ஒரு புள்ளியில் வந்து முட்டுகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி நாலு வீடு கட்டினால் என்ன? கட்டினார்கள். நடுவில் ஒரு முற்றம் விட்டார்கள். ஆவுடைச்செல்வியும் பிரம்மநாயகமும் தங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரை எடுத்துவிட்டு, எல்லைக் கோட்டின் மேல் கட்டிலைப் போட்டார்கள். அவன் அவன் கட்டத்தில் படுத்தான், அவள் அவள் கட்டத்தில் படுத்தாள். கோட்டைத் தாண்டிக் கையைக் காலைப் போடக் கூடாது என்று சட்டத்தில் எழுதவில்லை. எழுதியவன் கல்யாணமாகாதவன் போலிருக்கிறது.

இப்படி அந்தப் பெரிய தேசம் முழுக்க நம் சனம் மூலை மூலையாகச் சேர்ந்து குந்திக்கொண்டது. படத்தில் பார்த்தால் கட்டமெல்லாம் நிறைந்திருக்கும். நேரில் போனால் முன்னைவிட வெறிச்சென்று கிடக்கும். தலைநகரில் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், அதனால் எல்லோருக்கும் திருப்தி.

மூன்றாம் கட்டத்தில் ஜெபமணி இருந்தார். நாசரேத்துக்காரர், ஊரில் கூட்டுறவு சங்கச் செயலாளராக இருந்தவர். எந்தச் சட்டத்துக்கு எங்கே சந்து இருக்கிறது என்று அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். இந்த மூலை வீட்டு யோசனையே இந்தப் பக்கத்தில் அவர் கொண்டு வந்ததுதான்.

நான்காம் கட்டத்தில் குருசாமி இருந்தான். இருந்தான் என்றால், முதல் குளிர்காலம் வரைக்கும். பாவூர்சத்திரத்துக்காரனுக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை. சாமான் கொண்டுவரும் லாரிக்காரனைப் பிடித்து, ஒரு நாள் கம்பளி மூட்டைக்குள் உட்கார்ந்து துறைமுகம் போய்க் கப்பலேறி, முழுகாமல் தப்பிய ஊரில் சொந்தக்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். போனவனைப் பற்றி அலுவலகத்தில் சொன்னால் வேறு யாரையாவது அனுப்புவார்கள். வருகிறவன் எப்படிப்பட்டவனோ? மூலை வீட்டு விஷயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டால்? ஜெபமணி ஒரு நாள் யோசித்தார். மறுநாள் ஒரு ஆட்டைப் பிடித்துவந்து குருசாமியின் வீட்டில் கட்டினார். வானத்துக் கண் ஒன்றும் சொல்லவில்லை. கொழுத்த ஆடும் சம்பளத்துக்கு மூச்சு விடுகிற மனிதனும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தூங்கும் போலிருக்கிறது.

ஆட்டுக்கும் குருசாமி என்றே பெயர் நிலைத்தது. அது கட்டிலில்தான் படுக்கும். மெத்தை விரிப்பு கசங்கியிருந்தால் முறைக்கும். சம்பளம் என்னவோ பாவூர்சத்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அதனால் அசல் குருசாமியும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஆவுடைச்செல்வி உண்டானாள்.

வயிற்றுக்குள் இருக்கும் வரை ஒரு மூச்சு. வெளியே வந்தால் இரண்டு. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே பட்டாள். ஜெபமணிதான் தெம்பு சொன்னார்.

“நீ ஏன் தங்கச்சி கலங்குத? பிள்ள பிறந்து ஒரு மாசம் விருந்தாளிக் கணக்கு. அதுக்கப்புறம் குருசாமி வீட்டுல, ஒன் சுவத்த ஒட்டித் தொட்டில கெட்டு. சுவத்த எடுத்துட்டா நீ படுத்துக்கிட்டே கைய நீட்டித் தொட்டில ஆட்டலாம். கட்டத்துக்கு ஒரு மூச்சு. மேல பாக்கவனுக்கு என்ன தெரியப்போவுது?”

“அப்ப ஆடு?”

ஜெபமணி ஆட்டைப் பார்த்த பார்வையில் மிளகும் சீரகமும் வறுபட்டது. “அத நான் பாத்துக்கிடுதேன்.”

“நம்ம கூட இருந்த சீவன் அண்ணாச்சி. அவுத்து விட்டுருங்க, எங்கயாவது பிழைச்சுக்கிடட்டும்.”

“சரி சரி, விட்டுருவோம்,” என்றார் அவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “ஆனா ஒண்ணு. பிள்ள பிறந்தது இந்த முற்றத்தத் தாண்டி ஒரு ஈ காக்காவுக்குத் தெரியப்படாது. வே நாயகம், ஒமக்குத்தான் சொல்லுதேன், கேட்டீரா?”

பிரம்மநாயகம் தலையை ஆட்டினான். அந்தத் தலை எதற்கும் ஆடும்.

பெண் குழந்தை பிறந்தது. கறுத்துக் கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு. ஆவுடைச்செல்வி அதற்குப் பொருநை என்று பெயர் வைத்தாள். அவள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஆற்றின் பெயர். ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு ஆற்றுக்குப் போய்ச்சேர இடமில்லை, பெயராவது ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, இந்தப் பெரிய உலகத்தில் தனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கை நீளத்துக்குள் இருக்கிறது, இதை மட்டும் யாரும் எடுக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

பத்து நாள் போயிருக்கும். பிரம்மநாயகம் ஒரு மாதிரி நெளிந்துகொண்டே வந்து உட்கார்ந்தான்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. இன்னைக்கு லாரி வந்துச்சுல்லா, லாரிக்காரனுக்கு ஒரு கை கல்கண்டு குடுத்தேன். பிள்ள பிறந்த வீட்டுல வாய இனிக்கப் பண்ணாம அனுப்புனா நல்லாவா இருக்கும்?”

“லாரிக்காரனுக்கு மட்டுந்தானா?”

அவன் தொட்டிலைப் பார்த்தான். “ஆபீசுக்கும் ஒரு பொட்டலம் குடுத்துவிட்டேன்.”

“ஆபீசுக்கா? எந்த ஆபீசுக்கு?”

“மாவட்ட ஆபீசுக்குத்தான். நம்மள வேலைக்கு எடுத்தவங்க. முதப்பிள்ள ஆவுட, பெரிய எடத்துல தெரிவிக்காம இருந்தா நாளைக்கு மரியாத இல்லன்னு நினைப்பாங்க.”

“மரியாத,” என்றாள் அவள். “மரியாத. ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இது இருக்கா? ஊரெல்லாம் கடலுக்குள்ள போச்சு, வீடு போச்சு, வாசல் போச்சு, இந்தக் கல்கண்டு குடுக்க புத்தி மட்டும் முழுகாம உங்க கூடவே கப்பலேறி வந்துருக்கு. பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு மிச்சக் கல்கண்ட நீங்களே தின்னுங்க.”

ஜெபமணி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் பிரம்மநாயகத்தைத் திட்டியதெல்லாம் இங்கே எழுதக்கூடியது அல்ல.

மறுவாரம் மாவட்ட அலுவலகத்து வண்டி வந்தது. கட்டத்துக்கு ஒருவராகச் சனம் பரவியிருக்கிறதா என்று பார்க்கிற ‘பரவல் ஆய்வாளர்’ ஒல்மார் இறங்கினார். நெடுநெடுவென்று வளர்ந்து, பனியில் கிடந்த கட்டை மாதிரி வெளுத்த மனிதர். அவர் தம் பாஷையில் முணுமுணுத்தால், மார்பில் தொங்கிய பெட்டி அதைத் தமிழில் சொல்லும். பெட்டிக்குத் தமிழ் கற்பித்தவர் எந்தக் காலத்துப் புலவரோ தெரியாது.

“வணக்கம்,” என்றது பெட்டி. “இம்மாவட்டத்தில் நெடுங்காலத்திற்குப் பின் நிகழ்ந்துள்ள முதற் பிறப்பு இஃதாகும். அர்ஸாந்தா அரசு அகமகிழ்கிறது. தாங்கள் விடுத்த கற்கண்டும் சுவையுடைத்து.”

பிரம்மநாயகத்தின் முகம் மலர்ந்தது. ஆவுடைச்செல்வி திரும்பிப் பார்த்ததும் சுருங்கியது.

ஒல்மார் ஒரு கேக்கைக் கொடுத்தார். நாட்டுக் கொடி போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தார், பிள்ளைக்கு மூன்று வயதானால் போடலாம். அப்புறம் படத்தை விரித்து, வடக்கு ஓரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினார்.

“பிறக்கும் ஒவ்வொரு குடிமகளுக்கும் ஒரு கட்டம் உரித்தாகும். தங்கள் மகளுக்கு உரியது இது. ஏரியோரம். காட்சி இன்பம் மிகுந்தது.”

“இது எங்க இருக்கு?” என்றாள் ஆவுடைச்செல்வி.

“ஊர்தியில் நான்கு நாட் பயணம்.”

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “பச்சப்பிள்ள தனியா எப்படிய்யா இருக்கும்?”

“தனியே அன்று. தாதி ஒன்றைக் கொணர்ந்துள்ளோம்.” வண்டியிலிருந்து ஓர் இயந்திரம் தானாக இறங்கி வந்து நின்றது. நெஞ்சில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. “இதற்கு உடல் வெப்பம் உண்டு. பதினெட்டு மொழிகளில் தாலாட்டு உண்டு. மூச்சு மட்டும் இல்லை. ஆகவே நெரிசல் நேராது.”

“பாலு?”

“தூளாக வழங்கப்படும்.”

“நான் போய்ப் பாக்கணும்னா?”

“ஆண்டிற்கு ஒருமுறை. அவ்வேளை தங்கள் கட்டத்தில் உறங்க மாற்று மூச்சாளர் அமையும் பட்சத்தில்.”

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கே இரண்டு பிள்ளைகளாம், இரண்டு பேரும் வேறு வேறு திசையில் நலமாக இருக்கிறார்களாம். படம் கூட வைத்திருந்தார்.

“பக்கத்துல காலிக் கட்டம் இருந்தா குடுப்பியளா ஐயா?” என்று கேட்டாள் ஆவுடைச்செல்வி.

“கொடுப்போம். ஆனால் இங்கு நான்கும் நிறைந்துள்ளன. நான்காவதில் திரு. குருசாமி வசிக்கிறார்.”

ஜெபமணி இருமினார். உண்மையைச் சொன்னால் மூன்று பேர் வேலையும் போகும். திரும்பிப் போனால் மேட்டு முகாம், ஒரு பாயில் மூன்று குடும்பம் முறை வைத்துத் தூங்குகிற இடம். அவள் தாய் அந்த முறைக்குக் காத்திருந்து காத்திருந்து உட்கார்ந்தபடியே போனவள். சொல்லாவிட்டால் பிள்ளை வண்டியில் ஏறும்.

“குருசாமி இல்ல ஐயா,” என்றாள். “அவர் ஓடிப்போயி வருசமாச்சு. அங்க இருக்கது ஆடு.”

ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டார். ஒல்மார் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார், பேச்சு பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. நான்காம் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். ஆடு கட்டிலில் சாய்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதன் தாடையைத் தடவினார்.

“நலமாக உள்ளீரா, திரு. குருசாமி?” என்றது பெட்டி.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?” என்று கேட்டார் ஜெபமணி. பாராட்டுகிற குரலா பயந்த குரலா என்று பிரிக்க முடியவில்லை.

ஒல்மார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். பெட்டியும் தணிந்த குரலில் சொன்னது. “ஐயா, வடமாவட்டங்களில் பாதிக்குமேல் ஆடுகளே. சென்ற ஆண்டு சிறந்த மூச்சாளர் விருது பெற்றவரும் ஆடே. ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.”

“அமைச்சருக்குத் தெரியுமா?”

“விருதை அணிவித்தவர் அவரே. கயிற்றை நான் பிடித்திருந்தேன்.”

“பொறவு ஏன் ஐயா மனுசங்கள வேலைக்கு எடுக்கிய?”

“உலக அவையினர் பார்வையிட வரும்போது கையசைக்கச் சிலர் வேண்டுமன்றோ?” ஒல்மார் பெருமூச்சு விட்டார், பெட்டி அதை மொழிபெயர்க்கவில்லை. “அம்மையே, கேளுங்கள். குருசாமி இல்லை என்று நான் எழுதினால், ஏனையோர் இருக்கிறார்களா என்று உலகம் கேட்கும். அவ்வாறு கேட்டால் எங்கள் நாடு ஒரு நகரமாகச் சுருங்கிவிடும். ஆகவே குருசாமி இருக்கிறார். அவரை நீக்க இயலாது. தங்கள் மகள் பிறந்த செய்தியும் தலைநகர் ஏடுகளில் வந்துவிட்டது. ஏரிக்கரைக் கட்டத்தையும் அறிவித்துவிட்டோம். இவ்வாரம் முதல் அங்கே ஒரு மூச்சு தென்பட்டாக வேண்டும்.”

ஆவுடைச்செல்விக்கு அழுகை முட்டியது. கூடவே ஆத்திரமும் வந்தது. பாருங்கள் அநியாயத்தை, கட்டிலில் சாய்ந்து புல் தின்கிற ஆடு குடிமகன், பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை நெரிசல். அவள் ஆட்டைப் பார்த்தாள். தாதி இயந்திரத்தைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

“அந்தக் கட்டத்துல ஒரு மூச்சு தெரியணும். அம்புட்டுத்தானே ஐயா?”

“ஆம்.”

“யாரு மூச்சுன்னு மேல உள்ள கண்ணு பாக்காதுல்லா?”

“பாராது.”

“அப்ப இந்த ஆட்ட ஏத்திட்டுப் போங்க.”

“குருசாமி தம் கட்டத்தை விட்டு அகலலாகாது, அம்மையே. கூறினேன் அன்றோ?”

“குருசாமி எங்கயும் போகல.” அவள் பிள்ளையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். “குருசாமி இந்தா இருக்கான். வண்டில போறது என் மக.”

ஒல்மார் பிள்ளையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மறுபடி பிள்ளையைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக இரத்தம் ஓடியது. எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “தாங்கள் இரண்டாம் நிலையில் இருத்தல் தகாது,” என்றது பெட்டி.

வேலை கிடுகிடுவென்று நடந்தது. ஆட்டுக்குக் கொடிச் சட்டை சரியாகப் பொருந்தியது. கேக்கில் பாதியை அதுவே தின்றது. தாதி இயந்திரம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது மொழியிலேயே நல்ல தாலாட்டைக் கண்டுபிடித்துவிட்டது. ஒல்மார் பொத்தானை மறுபடி அமுக்கிச் சிவப்பு விளக்கை எரியவிட்டு, பிள்ளையின் பெயரென்ன என்று அலுவல் முறைப்படி கேட்டார். ஒரு பெயர் சொல்லியே ஆகவேண்டும். ஆவுடைச்செல்வி வேறு ஏதாவது பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வேறு பெயரே அவள் மனதில் வரவில்லை.

“பொருநை,” என்றாள்.

“பொருநை,” என்றது பெட்டி. “அழகிய பெயர்.” வண்டி கிளம்பிப் போனது.

அதற்கப்புறம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுவரை எடுத்துவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தொட்டில் கட்டினார்கள். இருட்டில் பிள்ளை சிணுங்கினால் ஆவுடைச்செல்வி படுத்தவாக்கில் கையை நீட்டி ஆட்டுவாள். ஒரு கை நான்காம் கட்டத்துத் தொட்டிலில் இருக்கும், ஒரு கையை முதல் கட்டத்தில் கிடக்கிற பிரம்மநாயகம் பிடித்திருப்பான். கல்கண்டு விஷயத்தை அவள் மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். கையை உதறவில்லை, அவ்வளவுதான்.

அவ்வப்போது அலுவலகத்திலிருந்து வாழ்த்து வரும். தங்கள் மகள் பொருநை நலம். பிறந்த மாதத்திலேயே ஓடுகிறாள். எடை வியக்கத்தக்க வகையில் கூடுகிறது. புல்வெளியில் விளையாடுவதில் பேரார்வம் கொண்டுள்ளாள். மாவட்டத்தின் ஆரோக்கியக் குழந்தை என்று ஒரு பதக்கமும் வந்தது. ஜெபமணி வாசித்துக் காட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆவுடைச்செல்வியும் சிரித்தாள், முதல் இரண்டு தடவை.

பிறகு உலக அவைக்கு எங்கிருந்தோ சந்தேகம் வந்துவிட்டது. மூச்சை மட்டும் பார்த்தால் போதாது, குரலையும் கேட்க வேண்டும் என்று புது உத்தரவு வந்தது. வீட்டுக்கு ஒரு குரல்பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். காலையிலும் மாலையிலும் பெயர் சொல்லிக் கூப்பிடும், வீட்டுக்குரியவர் பதில் கொடுக்க வேண்டும்.

“ஆட்டுக்கெல்லாம் இதோட சீட்டுக் கிழிஞ்சுது,” என்றார் ஜெபமணி.

கிழியவில்லை. மழலை, முதுமை, சளித்தொல்லை, வட்டார வழக்கு எல்லாவற்றையும் கருதி எந்த ஒலியும் பதிலாக ஏற்கப்படும் என்று தலைநகரம் ஒரு துணை உத்தரவு போட்டது. வடக்கே பொழுது விடிந்ததும் கட்டம் கட்டமாக ‘மே’ என்று வருகைப் பதிவு நடந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை ஆவுடைச்செல்விக்குத்தான். நான்காம் வீட்டுப் பெட்டி வந்த அன்றைக்கே அவள் பழக்கத்தில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கொஞ்சிவிட்டாள். உடனே பெட்டி கேட்டது: “பொருநை என்னும் குடிமகள் தம் கட்டத்தை விட்டு அனுமதியின்றி இங்கு வந்துள்ளாரா?”

“இல்ல இல்ல,” என்றாள் பதறிப்போய். “நெனச்சுச் சொன்னேன். எம் பிள்ளைய நெனச்சுச் சொன்னேன்.”

“தாயன்பு போற்றத்தக்கது,” என்றது பெட்டி. “மீண்டும் கேட்டால் ஆய்வாளர் வருவார்.”

அன்றோடு அந்தப் பெயர் வீட்டுக்குள் நின்றது. தங்கம், கண்ணு, பட்டு என்றெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற பெயர்தானே? பெயர் சொல்லி அவளைத் தவறாமல் கூப்பிட்டது சுவரில் இருந்த பெட்டி மட்டும்தான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். அவள் அழுதாலும் சிணுங்கினாலும் பதிலாக எடுத்துக்கொள்ளும். ஆவுடைச்செல்வி மட்டும் முற்றத்தின் அந்தக் கோடியில், பெட்டிக்குக் கேட்காத தூரத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, காதோடு காதாகப் பொருநை, பொருநை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அது நீ, அது உன் பேரு என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

பிள்ளைக்கு நடை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. முதலில் வருகிற சொல் அம்மாவா அப்பாவா என்று பிரம்மநாயகமும் ஜெபமணியும் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

வெயில் சாய்கிற நேரம். மூன்று பேரும் முற்றத்தில் இருந்தார்கள். பிள்ளை கொஞ்சம் தள்ளிக் குந்தி, கூழாங்கல்லைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது. ஆவுடைச்செல்வி குனிந்து, மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

“பொருநை.”

பிள்ளை கல்லைப் போட்டது.

“பொருநை, இங்க பாரு. அம்மா கூப்பிடுதேம்லா? பொருநை.”

பிள்ளை திரும்பவில்லை. காற்றுச் சத்தம் கேட்ட மாதிரி இன்னொரு கல்லைத் தேடியது.

நான்காம் வீட்டிலிருந்து பெட்டி கூப்பிட்டது. “குருசாமி.”

பிள்ளை சட்டென்று தலையைத் தூக்கியது. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, தத்தித் தத்தி ஓடி, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையை உயரத் தூக்கியது.

“இருக்கேன்,” என்றது.

பிரம்மநாயகம் கைதட்டிவிட்டான். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்புறம் மடியில் வைத்துக்கொண்டான். ஜெபமணி யாரையும் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் தாயைத் திரும்பிப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதைப் போல நாலு பல்லையும் காட்டிச் சிரித்தது. ஆவுடைச்செல்வி சரியென்று தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

“நன்றி,” என்றது பெட்டி. “நான்காம் கட்டம். ஆண். வயது நாற்பத்தெட்டு. நலம்.”